புருவத்துக்கு நிரந்தர மேக்கப்: ரீயூனியனில் போட்டுக்கொள்ளும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்

நேராகச் சொல்லிவிடுகிறேன். இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரான்ஸின் ரீயூனியன் தீவில், சேன்-தெனியில் ஒரு பெண் தனியாக நடத்தும் சின்ன இடத்தில் புருவத்துக்கு நிரந்தர மேக்கப் (ஊசியால் தோலுக்குள் மை ஏற்றிப் புருவம் வரைவது) போட்டுக்கொண்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, எனக்குத் திருப்தி, கொடுத்த காசு வீண் போகவில்லை. செய்த வாரத்திலேயே இதை எழுதியிருக்கலாம். ஆனால் புதிதாகப் போட்ட புருவம் யாருக்குமே பளிச்சென்றுதான் இருக்கும், அந்தச் சமயத்தில் எடுத்த படத்தை நம்பி ஐந்து நட்சத்திரம் கொடுப்பதில் பிரயோஜனமே இல்லை. தோல் ஆறி, ஒரு கோடை வெயிலைத் தாங்கிய பிறகு அந்த நிறம் என்னவாக நிற்கிறது என்பதை வைத்துத்தான் மதிப்பு போட முடியும். இங்கே கோயிலிலும் கல்யாண வீட்டிலும் என்னைப் பார்க்கிற நம் பெண்கள் "எந்த இடம், எவ்வளவு ஆச்சு?" என்று மட்டும்தான் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என் பெரியம்மா இதே தீவில் சேன்-ஆந்த்ரேயில் இருக்கிறார். பல வருடத்துக்கு முன்னால் தெரிந்தவர் ஒருவர் மூலமாகப் புருவம் வரைந்துகொண்டார். போட்ட புதிதில் எல்லோரும் பாராட்டினோம். இப்போது அது செங்கல் நிறத்தில் நிற்கிறது, தினமும் காலையில் அதன் மேல் பென்சில் போட்டு மறைத்துக்கொண்டுதான் வெளியே வருகிறார். இது ஏன் நடக்கிறது என்பதற்குக் காரணம் உண்டு. புருவத்துக்கான பழுப்பு நிறம் ஒரே பொருள் இல்லை, சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று பல நிறத்தூள் சேர்ந்த கலவை. இரும்பு ஆக்சைடு வைத்துச் செய்த மைகளில் எல்லா நிறமும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை, மற்றவை மங்கிய பின் சிவப்புச் சாயல் மேலே தெரிய ஆரம்பிக்கும். கார்பன் கறுப்பு அதிகமுள்ள மை என்றால் கதை வேறு மாதிரி போகும், வருடம் போகப்போக சாம்பல் நீலமாகத் தெரியும், ஆழமாகக் குத்திவிட்டால் இன்னும் மோசம். நம் முடி கறுப்பு என்பதால் நாமெல்லாம் போனவுடனே "நல்லா கறுப்பா போடுங்க" என்றுதான் சொல்வோம். அதைக் கேட்டவுடன் சரி என்று தலையாட்டுகிறவரிடம் முகத்தைக் கொடுக்காதீர்கள். எனக்குச் செய்தவர் கறுப்பு முடியாது என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டார், கொஞ்சம் ஆரஞ்சுச் சாயல் கலந்த அடர் பழுப்புதான் என் தோலில் ஆறிய பிறகு இயல்பாக நிற்கும் என்று விளக்கினார். மாநிறத்துக்கும் கறுப்பு நிறத்துக்கும் தோலே ஒரு வடிகட்டி மாதிரி, அதன் வழியாகத்தான் உள்ளே இருக்கும் மை தெரிகிறது, வெள்ளைக்காரப் பெண்ணின் நெற்றியில் அழகாக இருக்கும் சாம்பல் பழுப்பு நம் நெற்றியில் பச்சையும் சாம்பலுமாகப் போகும்.

அதனால் எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: "நம்ம மாதிரி நிறத்தில் இருக்கிறவர்களுக்குச் செய்து, குறைந்தது ஆறு மாதமாவது ஆன படம் காட்டுங்கள்." செய்து முடித்த அன்று எடுத்த படம் வேண்டாம். பக்கத்தில் சிவந்துபோய், மை மேலே நிற்க, கோடு கோடாகத் தெரிகிற அந்தப் படங்கள்தான் இன்ஸ்டாகிராம் முழுக்க இருக்கின்றன. எனக்குச் செய்தவர் தன் போனில் ஒரே ஆளின் மூன்று படங்களை வரிசையாகக் காட்டினார், போட்ட அன்று, இரண்டு மாதம் கழித்து, ஒன்றரை வருடம் கழித்து. அதில் ஒரு பெண்ணுக்கு வால் பக்கம் மை சரியாகப் பிடிக்காமல் போயிருந்ததையும் மறைக்காமல் காட்டி, எண்ணெய்ப்பசை அதிகமுள்ள தோல், முதல் தடவை போதவில்லை, மறுபடி செய்ய வேண்டி வந்தது என்றார். எனக்கு அங்கேயே நம்பிக்கை வந்துவிட்டது.

அதற்கு முன்னால் வேறொரு இடத்துக்கும் போயிருந்தேன், பெயர் வேண்டாம். நாற்காலி, விளக்கு, சுவரில் பூ, எல்லாம் அமர்க்களம். மேசையில் லேபிள் இல்லாத ஒரு வெள்ளை டப்பா இருந்தது, என்ன என்று கேட்டேன். மரத்துப்போகும் கிரீம், வலியே தெரியாது, ஆன்லைனில் வாங்கியது என்றார்கள். நான் எழுந்து வந்துவிட்டேன். பிரான்ஸ் சட்டப்படி டாட்டூ, நிரந்தர மேக்கப் செய்கிறவர்கள் மரத்துப்போக வைக்கும் கிரீமைத் தாங்களாகப் பயன்படுத்தக் கூடாது. லிடோகெய்ன், பிரிலோகெய்ன் என்ற மருந்துகள் கலந்த அந்தக் கிரீம் இங்கே டாக்டர் சீட்டுக்குத்தான் பார்மசியில் கிடைக்கும், வேண்டுமென்றால் உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கி நீங்களே தடவிக்கொண்டு போகலாம். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. இணையத்தில் விற்கிற சில கிரீம்களில் லிடோகெய்ன் அளவு மிக அதிகம், அது ரத்தத்தில் கலந்தால் இதயத்துடிப்பு தாறுமாறாகும், வலிப்புகூட வரலாம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 மார்ச்சில் இப்படிப்பட்ட கிரீம்களைப் பற்றித் தனியாக எச்சரிக்கையே விட்டது. லேபிள் இல்லாத டப்பாவைப் பார்த்தால் வாதம் பண்ண வேண்டாம், கிளம்பி வந்துவிடுங்கள்.

சட்டம் என்று சொன்னதும் நினைவுக்கு வருகிறது, ரீயூனியனில் இருப்பதால் நமக்கு ஒரு பெரிய சாதகம் உண்டு, அதை யாரும் பயன்படுத்துவதில்லை. இங்கே பிரான்ஸ் சட்டம்தான், 2008 பிப்ரவரி 19-ஆம் தேதி ஆணைப்படி தோலைக் குத்தி மை ஏற்றும் எல்லா வேலைக்கும், மைக்ரோபிளேடிங் (கைக்கருவியால் கீறி மை இறக்குவது) உட்பட, ஒரே விதிமுறை. செய்கிறவர் 21 மணி நேரச் சுகாதாரப் பயிற்சி முடித்திருக்க வேண்டும், ஏஆர்எஸ் என்கிற பிராந்திய சுகாதார நிர்வாகத்திடம் தன் வேலையைப் பதிவு செய்திருக்க வேண்டும், இந்த வேலைக்கென்றே தனி அறை இருக்க வேண்டும், தோலுக்குள் போகும் ஊசி ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கிருமி நீக்கிய ஊசியாகவோ, ஒவ்வொரு தடவைக்கும் முன் கிருமி நீக்கப்பட்டதாகவோ இருக்க வேண்டும், ஆபத்துகளையும் பின்கவனிப்பையும் எழுத்தில் கொடுக்க வேண்டும், சுவரிலும் ஒட்டியிருக்க வேண்டும். பதினெட்டு வயது ஆகாத பிள்ளைக்குப் பெற்றோர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். ஏஆர்எஸ் பதிவு ரசீதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், முறையாக நடத்துகிறவர் முகம் சுளிக்காமல் எடுத்துக் காட்டுவார். எனக்குச் செய்தவர் அதைப் பிரேம் போட்டுக் கதவுக்குப் பக்கத்திலேயே மாட்டியிருந்தார். பேஸ்புக்கில் "வீட்டுக்கே வந்து செய்கிறோம், 80 யூரோ" என்று வரும் விளம்பரங்கள் இருக்கின்றனவே, உங்கள் வீட்டு ஹாலும் சோபாவும் சட்டம் கேட்கிற தனி அறை ஆகுமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மஞ்சள் காமாலை பி, சி, எச்ஐவி எல்லாம் ஊசி வழியாகப் பரவக்கூடியவை.

ஆனால் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும், அந்த 21 மணி நேரம் சுத்தத்துக்கானது. புருவம் வரையத் தெரியுமா, நிறம் கலக்கத் தெரியுமா என்று அது சோதிப்பதில்லை. சுவரில் சான்றிதழ் தொங்குகிறது என்பதற்காக வேலை நன்றாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. பார்லரில் பல வருடம் நூல் கட்டிப் (திரெடிங்) புருவம் எடுத்துக் கை தேர்ந்தவர்கூட இதில் புதியவராக இருக்கலாம். ரசீது தொற்றிலிருந்து காப்பாற்றும், ஆறிய படங்கள்தான் அசிங்கத்திலிருந்து காப்பாற்றும். இரண்டும் இருந்தால் மட்டும் அடுத்த பேச்சு.

முதல் சந்திப்பு. இதற்கு அவர் காசு வாங்கவில்லை, ஆனால் அவசரமும் படவில்லை. உட்கார வைத்து முதலில் என் காதைத் திருப்பிப் பார்த்தார், கம்மல் குத்திய இடத்தில், மூக்குத்தி குத்திய இடத்தில், கையில் சின்ன வயதில் போட்ட தடுப்பூசித் தழும்பில் சதை எழும்பியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். கீலாய்டு என்கிற புடைத்த தழும்பு நம் மாதிரி நிறம் அதிகமுள்ள தோலில் கூடுதலாக வரும், அது இருந்தால் தொடவே மாட்டேன் என்றார். அப்புறம் கேள்விகள்: சர்க்கரை இருக்கிறதா, கட்டுப்பாட்டில் இருக்கிறதா, ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா, கர்ப்பமா, பால் கொடுக்கிறீர்களா, முகப்பருவுக்கு ஐசோட்ரெடினாய்ன் சாப்பிட்டீர்களா (நிறுத்தி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும், சிலர் ஒரு வருடம் கேட்பார்கள்), ரெட்டினால் கிரீம், அமிலம் கலந்த கிரீம் தடவுகிறீர்களா, நெற்றியில் எக்ஸிமா, சொரியாசிஸ் உண்டா, ஹேர் டைக்கு அலர்ஜி வந்ததுண்டா. ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதற்காகத் தாங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள், புருவத்தை விட இதயம் முக்கியம், டாக்டரைக் கேளுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். என் புருவத்தின் வெளிப்பக்க வால் மெலிந்திருந்ததைப் பார்த்துவிட்டு, தைராய்டு பரிசோதனை செய்திருக்கிறீர்களா என்று கேட்டார். தைராய்டு குறைவாக இருந்தால் புருவத்தின் வெளி மூன்றில் ஒரு பங்கு உதிர்வது உண்டு. நான் இத்தனை வருடம் நூல் கட்டியதுதான் காரணம் என்று நினைத்திருந்தேன். ரத்தம் கொடுத்துப் பார்த்துவிட்டு வாருங்கள், முடி திரும்ப வருகிற கேஸ் என்றால் மை எதற்கு என்று அனுப்பிவிட்டார். பரிசோதனை சரியாகத்தான் வந்தது. ஆனால் வந்த வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புகிற ஒருவரிடம் மீண்டும் போக எனக்கு ஒரு தயக்கமும் இருக்கவில்லை.

எந்த முறை என்பது அடுத்தது. மைக்ரோபிளேடிங் என்றால் வரிசையாக ஊசிகள் பதித்த கைக்கருவியால் முடி மாதிரி மெல்லிய கீறல் போட்டு அதில் மை இறக்குவது. பவுடர் முறை என்றால் மெஷினால் புள்ளி புள்ளியாகக் குத்தி, பென்சில் தடவியது போன்ற நிழல் வரவைப்பது. விளம்பரத்தில் கீறல்தான் அழகாக இருக்கும், எல்லோரும் அதைத்தான் கேட்டுக்கொண்டு போகிறார்கள். எண்ணெய் வழிகிற தோலில் அந்தக் கீறல்கள் சில மாதத்தில் ஒன்றோடொன்று கலந்து மங்கலான பட்டையாகிவிடும். இந்தத் தீவின் கடலோர ஊர்களில் புழுக்கத்திலும் வியர்வையிலும் இருக்கிற நம்மில் பலருக்கு நெற்றி எண்ணெய்தான். எனக்கும் அப்படியே, அதனால் பவுடர் முறை. உலர்ந்த தோல், ஓரளவு முடி இருக்கிற புருவம் என்றால் கீறல் நன்றாக நிற்கலாம். எந்தத் தோலாக இருந்தாலும் ஒரே முறையைச் செய்கிறவர் என்றால் அவருக்குத் தெரிந்ததே அந்த ஒன்றுதான் என்று அர்த்தம்.

மைப் புட்டியைக் கையில் வாங்கிப் பாருங்கள், வெட்கப்பட வேண்டாம். ரீயூனியன் ஐரோப்பிய ஒன்றியத்தின் பகுதி என்பதால் 2022 ஜனவரி 4 முதல் டாட்டூ மைக்கும் நிரந்தர மேக்கப் மைக்கும் ஐரோப்பிய ரசாயனக் கட்டுப்பாடு இங்கேயும் பொருந்தும், ஆயிரக்கணக்கான ரசாயனங்களுக்குத் தடையோ அளவுக் கட்டுப்பாடோ போட்டிருக்கிறார்கள். புட்டியில் இந்தப் பயன்பாட்டுக்கான கலவை என்ற வாசகம், உள்ளடக்கப் பட்டியல், பேட்ச் எண் இருக்க வேண்டும். எங்கிருந்தோ பார்சலில் வந்த, எழுத்தே புரியாத புட்டி என்றால் வேண்டாம். இவர் என் கண் முன்னால் ஊசி பாக்கெட்டின் காகிதத்தைக் கிழித்தார், காலாவதித் தேதியை என்னையே படிக்கச் சொன்னார், மைப் புட்டியின் பேட்ச் எண்ணை என் பெயர் எழுதிய அட்டையில் குறித்து அதன் நகலை எனக்கும் கொடுத்தார். பின்னால் அலர்ஜி வந்தால், இல்லை லேசர் டாக்டரிடம் போக நேர்ந்தால், என்ன மை என்று சொல்ல அந்த அட்டைதான் உதவும். எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கப் போகும்போதும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இரும்பு கலந்த மை இருக்கும் இடத்தில் அபூர்வமாகச் சூடும் வீக்கமும் வருவதுண்டு, அதற்காக ஸ்கேனைத் தவிர்க்கத் தேவையில்லை.

போட்ட நாள் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, ஒன்றைத் தவிர. நேரத்தில் பெரும் பங்கு வரைவதற்குத்தான் போனது, குத்துவதற்கு இல்லை. மை தடவிய நூலை நெற்றியில் வைத்து அழுத்தி அளவுக்கோடு போட்டு, மூக்கின் ஓரத்திலிருந்து தொடக்கம், கண் ஓரத்திலிருந்து முடிவு என்று குறித்து, பென்சிலில் முழுப் புருவத்தையும் வரைந்து, அப்புறம் என்னை எழுப்பி உட்கார வைத்தார். படுத்திருக்கும்போது முகத்துச் சதை பின்னால் சரிந்துவிடும், வடிவம் சரியா என்பதை நிமிர்ந்து உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். சிரிக்கச் சொன்னார், புருவத்தை உயர்த்தச் சொன்னார், கண்ணாடியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய்விட்டார், நான் நிதானமாகப் பார்க்கட்டும் என்று. வலதுபுறம் வளைவு கொஞ்சம் கூர்மையாகத் தெரிந்தது, சொன்னேன், அழித்து மறுபடி வரைந்தார். பென்சில் கோட்டில் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றை ஆறினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஆறினால் நிறம் இறங்கும், கோடு நகராது. இன்றைய ஃபேஷன் வடிவமும் வேண்டாம். உங்கள் எலும்பு எங்கே இருக்கிறதோ அந்த வழியே போகிற புருவம்தான் பத்து வருடம் கழித்தும் உங்கள் முகத்தில் உட்காரும். வலி? பொறுக்கக்கூடியதுதான், நூல் கட்டிப் பழகியவர்களுக்குப் பெரிதாகத் தெரியாது, வால் பக்கம் மட்டும் சுருக்கென்றது.

ஆறும் காலம்தான் பொறுமை கேட்கிற காலம். முதல் மூன்று நான்கு நாள் புருவம் கண்ணை உறுத்தும் அளவுக்கு அடர்த்தியாக இருக்கும், வேலைக்குப் போனால் எல்லோரும் பார்ப்பார்கள். ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை பொடுகு மாதிரி உரியும், திட்டுத் திட்டாகப் போகும், அரிக்கும், நகத்தால் உரித்தால் மையும் சேர்ந்து வந்துவிடும். உரிந்து முடிந்ததும் போட்டதெல்லாம் போய்விட்டது போல வெளிறித் தெரியும், பதறாதீர்கள், நாலு முதல் ஆறு வாரத்தில் நிறம் மீண்டும் மேலே வரும். அதனால்தான் இரண்டாவது அமர்வை ஆறு முதல் எட்டு வாரம் கழித்து வைக்கிறார்கள், விட்டுப்போன இடத்தை நிரப்புவது அப்போதுதான். இரண்டாவது அமர்வு விலையில் சேர்ந்ததா என்று முதலிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டும் சேர்த்து 320 யூரோ.

நம் வழக்கம் சம்பந்தமாக ஒன்று, இதை எந்த பிரெஞ்சுத் தாளிலும் எழுதித் தர மாட்டார்கள். ஆறும்வரை நெற்றியில் விபூதி, குங்குமம், சந்தனம், மஞ்சள் எதுவும் புருவத்துப் பக்கம் போகக் கூடாது. நமக்குப் பொட்டு வைக்கும் இடம் இரண்டு புருவத்துக்கும் நடுவேதானே, வியர்வையில் குங்குமம் கரைந்து நேராகப் புண்ணுக்குள் இறங்கும், கடையில் விற்கிற குங்குமத்தில் என்ன சாயம் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஸ்டிக்கர் பொட்டு வைத்துக்கொள்ளலாம், அதுவும் புருவத்தைத் தொடாமல். கோயிலில் குருக்கள் விபூதி பூச வந்தால் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். காவடி எடுக்கிறவர்கள், பதினெட்டு நாள் விரதம் இருந்து தீமிதிக்கிறவர்கள் அந்த மாதத்தில் இதை வைத்துக்கொள்ளவே வேண்டாம், வெயில், வியர்வை, மஞ்சள் தண்ணீர், புகை எல்லாம் ஒன்றாகச் சேரும். தைப்பூசம் வருவதே இங்கே கோடை உச்சியில். டிசம்பர் முதல் மார்ச் வரை புறஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டுவது இந்தத் தீவில் சாதாரண விஷயம், புதுப் புண்ணில் அந்த வெயில் பட்டால் கருமை படியும், ஆறிய பின்னும் மையை வேகமாக வெளுக்க வைக்கும். நான் ஜூலையில் முதல் அமர்வு வைத்தேன், செப்டம்பரில் இரண்டாவது, தீபாவளிக்குப் புடவை கட்டி நிற்கும்போது எல்லாம் ஆறிப்போய் இயல்பாக இருந்தது. யாராவது கேட்டால் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறேன். லகூனில் (பவளப்பாறைக்குள் அடங்கிய ஆழமில்லாத கடலில்) குளிப்பது, நீச்சல் குளம், ஜிம், எல்லாம் குறைந்தது இரண்டு வாரம் கிடையாது. ஆறிய பிறகு சன்ஸ்கிரீன் தினமும், தொப்பியும் சேர்த்து. நூல் கட்டுவதையும் ஒரு மாதத்துக்கு விட்டுவிடுங்கள். ரத்த தானம் செய்கிறவர்கள் சில மாதம் காத்திருக்க வேண்டும், போகும்போது சொல்லிவிடுங்கள்.

சிவப்பும் வீக்கமும் மூன்றாம் நாளுக்குப் பிறகு குறையாமல் கூடினால், சீழ் வந்தால், காய்ச்சல் வந்தால், போட்டவருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள். அலர்ஜி மாதக்கணக்கில் கழித்துக்கூடக் கட்டி கட்டியாக வரலாம்.

எவ்வளவு காலம் நிற்கும் என்றால் ஒன்றிலிருந்து மூன்று வருடம் என்பார்கள், எண்ணெய்த் தோலுக்கும் வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கும் சீக்கிரம் மங்கும். அதற்குப் பிறகு சுத்தமாக அழிந்து பழைய நெற்றி திரும்பிவிடும் என்று சொல்கிறவரை மட்டும் நம்பாதீர்கள், மங்கிய நிழல் பல வருடம் இருக்கும், பெரியம்மாவைக் கேட்டால் தெரியும். பிடிக்கவில்லை என்றால் லேசரில் எடுத்துவிடலாம் என்று லேசாகச் சொல்வார்கள். பிரான்சில் லேசரால் டாட்டூ அழிப்பது டாக்டர் மட்டுமே செய்யக்கூடிய வேலை, செக்யூ என்கிற அரசு மருத்துவக் காப்பீடு அதற்குக் காசு தராது, பல அமர்வு ஆகும். அதைவிட முக்கியம், இரும்பு ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு கலந்த மையில் லேசர் பட்டால் நிறம் வெளுப்பதற்குப் பதில் கறுத்துப்போகவும் செய்யும், அதனால் முதலில் ஒரு சின்ன இடத்தில் அடித்துப் பார்ப்பார்கள். பழைய சிவந்த புருவத்தின் மேல் கன்சீலர் மாதிரி தோல் நிற மை போட்டு மறைக்கிறேன் என்று யாராவது சொன்னால் ஓடிவிடுங்கள், அந்த வெளிர் மையில்தான் டைட்டானியம் இருக்கிறது. பெரியம்மாவுக்கும் ஒரு இடத்தில் அதைத்தான் சொன்னார்கள், நான் விடவில்லை.

விடுமுறையில் புதுச்சேரியோ சென்னையோ போகும்போது அங்கே செய்துகொண்டால் மலிவு இல்லையா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நம் தோல் நிறத்தில் தினமும் வேலை செய்து பழகிய நல்ல கைகள் அங்கே உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் இரண்டாவது அமர்வுக்கு ஆறு வாரம் கழித்து நீங்கள் இங்கே இருப்பீர்கள். இன்னொருவர் போட்ட மையின் மேல் கை வைக்க இங்கே பலர் ஒப்புக்கொள்வதில்லை, என்ன மை, எவ்வளவு ஆழம் என்று அவர்களுக்குத் தெரியாது. இரண்டு மாதம் தங்குகிறவர் என்றால் போட்டுக்கொள்ளலாம், கல்யாணத்துக்குப் போய் இரண்டு வாரத்தில் திரும்புகிறவருக்கு வேண்டாம், கல்யாணத்தன்று தோல் உரிந்துகொண்டிருக்கும்.

கண் இமை ஓரத்தில் ஐலைனர் போடுவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். இமை விளிம்பில் கண்ணீர் உலராமல் காக்கிற எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன, ஊசி போகிற இடமும் அதுவே, மை பரவிவிட்டால் கண்ணுக்குக் கீழே நிரந்தரக் கருவளையம். ஏற்கெனவே கண் வறட்சி, லென்ஸ் போடுகிறவர்கள் யோசிக்கவே வேண்டாம். கண்மை டப்பா நம்மிடம் இருக்கும்போது இது தேவையில்லை என்பது என் கருத்து.

எனக்குச் செய்த இடத்தில் குறைகள் என்று பார்த்தால், போன் எடுக்க மாட்டார், குறுஞ்செய்திக்குப் பதில் வர நாளாகும், இடம் கிடைக்கவே வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மாடிக்கு லிஃப்ட் இல்லை, பெரியம்மா வயதில் இருப்பவர்களுக்கு அந்தப் படிகள் சிரமம். வண்டி நிறுத்துவது பெரும்பாடு, பஸ்ஸில் போய்விடுங்கள். தமிழ் தெரியாது, பிரெஞ்சும் தீவின் பேச்சுமொழியான கிரியோலும்தான், உடல்நலக் கேள்விகள் நிறைய இருப்பதால் பிரெஞ்சு சரளமாக வராதவர்கள் மகளையோ மருமகளையோ கூட்டிக்கொண்டு போவது நல்லது.

உதட்டுக்கும் அவரிடமே போவீர்களா என்று தங்கை கேட்டாள். அவளுக்கு உதடு ஓரம் கருத்திருக்கிறது, ரோஜா நிறம் போட ஆசை. நானே அவரிடம் கேட்டுப் பார்த்தேன். கருத்த உதட்டின் மேல் நேராக ரோஜா மை போட்டால் சாம்பல் பூத்தது போல ஆகிவிடும், முதலில் ஆரஞ்சு மை போட்டுக் கருமையைச் சமன் செய்து, ஆறவிட்டு, அதற்கு மேல்தான் நிறம், இரண்டு மூன்று அமர்வு ஆகும், அப்படிப்பட்ட உதடுகளை நான் அதிகம் செய்ததில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். எப்போதாவது வாயோரம் கொப்புளம் வந்தவர் என்றால் ஊசி பட்டதும் ஹெர்பீஸ் கிளம்பும், முன்கூட்டியே டாக்டரிடம் மாத்திரை வாங்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். தங்கைக்கு அது வருடத்துக்கு ஒருமுறை வருகிறது. ஆகவே புருவத்துக்கு என்றால் தாராளமாக அவரிடம் போங்கள். உதட்டுக்கு, நம் மாதிரி உதடுகளைச் செய்து ஆறிய படம் வைத்திருக்கும் வேறு ஒருவரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம், தீவில் யாராவது அப்படிப் போட்டு ஒரு வருடம் தாண்டியிருந்தால் பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தோடு எழுதுங்கள்.